உடைந்த தெர்மாமீட்டரை யாரிடம் கொடுப்பது?

காய்ச்சல் பார்த்து முடித்த கண்ணாடித் தெர்மாமீட்டரை, அளவு கீழே இறங்குவதற்காக உதறும்போதுதான் அது பெரும்பாலும் கை நழுவுகிறது. கட்டில் சட்டத்தில் பட்டு நுனி உடைகிறது. அடுத்த பத்து நிமிடம் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கழியும். கண்ணாடிச் சில்லு காலில் குத்திவிடுமோ என்ற பதற்றம், குழந்தை எதையாவது எடுத்து வாயில் போட்டுவிட்டதோ என்ற பயம், ஆளுக்கொரு பக்கமாக ஓட்டம். விளக்குமாறும் முறமும் வருகின்றன. கூட்டக் கூட்ட வெள்ளி மணிகள் இரண்டாக, நான்காகப் பிரிந்து கட்டிலுக்கு அடியிலும் டைல்ஸ் இடுக்கிலும் ஓடி ஒளிகின்றன. பிறகு ஈரத்துணி போட்டுத் துடைக்கிறார்கள். முறத்தில் சேர்ந்தது குப்பைக் கூடைக்குப் போகிறது, பக்கெட் தண்ணீர் குளியலறைச் சாக்கடைக்குப் போகிறது. தரை பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்துவிட்டதாக வீடு நம்புகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் செய்தவற்றில் பாதிக்கு மேல், பாதரசத்தின் தீங்கைக் கூட்டுகிற காரியங்கள். அதற்காக அந்த வீட்டாரைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. பாதரசம் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்து, ஒரு துளி விடாமல் அவர்கள் திரட்டிவிட்டாலும், திரட்டியதை வாங்கிக்கொள்ளும் இடம் நம் ஊர்களில் மக்கள் கண்ணில் படுவதில்லை. பாதரசத்தைச் சுத்தம் செய்யும் வேலையின் கடைசிப் படி வீட்டு வாசலுக்கு வெளியே இருக்கிறது. அந்தப் படியை உள்ளாட்சி அமைப்புகளும் மாநில அரசும்தான் கட்டித் தர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் பயம் தவறான திசையில் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தெர்மாமீட்டர் உடைந்தால் பெற்றோர் முதலில் நடுங்குவது, குழந்தை பாதரசத்தை விழுங்கிவிட்டதா என்பதற்குத்தான். ஆனால் உலோக நிலையில் உள்ள பாதரசம் வயிற்றுக்குள் போனால், ஆரோக்கியமான குடல் அதை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது, மற்றது மலத்தோடு வெளியேறிவிடும். வாயில் கடித்து உடைத்த குழந்தைக்குக் கண்ணாடிச் சில்லுதான் பெரிய ஆபத்து. அதே பாதரசம் ஆவியாகி மூச்சுவழியே உள்ளே போனால் கதை வேறு. சுவாசித்த ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, மூளை வரைக்கும் செல்லும், சிறுநீரகத்திலும் தங்கும். அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணை எரிக்காது, இருமல் வரவழைக்காது. விழுங்கினதா என்று குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் அதே அறையில் ஜன்னலைச் சாத்தித் தூங்கவைக்கிறோம். பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதி அடைகிறோம்.

ஒரு தெர்மாமீட்டரில் எவ்வளவுதான் இருந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். வழக்கமாக அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை. பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனமானது என்பதால் ஒரு கிராம் என்பது ஒரு மிளகு அளவுதான் இருக்கும். அந்த மிளகு அளவு உருண்டையை விளக்குமாற்றால் அடித்து அரை மில்லிமீட்டர் மணிகளாகச் சிதறடித்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கிடைக்கும். காற்றில் படும் மேற்பரப்பு பத்து மடங்காகும், ஆவியாகும் வேகமும் அதற்கேற்பக் கூடும். இன்னொரு கணக்கும் போடலாம். நீண்டகாலம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் பாதரச ஆவி இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பத்துக்குப் பத்து அடி அறையின் மொத்தக் காற்று சுமார் 28 கன மீட்டர். அந்த அறை முழுக்க இந்த அளவை எட்டுவதற்கு, சிந்திய ஒரு கிராமில் 35,000-இல் ஒரு பங்கு ஆவியானாலே போதும். நம் தட்பவெப்பமும் இதில் நமக்குப் பாதகமாகவே இருக்கிறது. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் பாதரசத்தின் ஆவியழுத்தம் இரண்டு மடங்குக்கும் அதிகமாகிறது. சித்திரை மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ மாடி அறை எந்த அளவுக்குக் கொதிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஏசி போட்ட அறை என்றால் கதவும் ஜன்னலும் அடைத்தே இருக்கும், அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

சரியான முறை கடினமானது அல்ல, ஆனால் நம் கை பழகிய எல்லாவற்றுக்கும் எதிரானது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அறையைவிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும். வெளிப்பக்க ஜன்னல்களைத் திறந்து, வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, ஏசியை நிறுத்த வேண்டும். சுத்தம் செய்பவர் முதலில் வளையல், மோதிரம், கைச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைப்பது அவசியம், ஏனென்றால் பாதரசம் தங்கத்தில் பட்ட மாத்திரத்தில் அதனோடு கலந்து வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடும். குனியும்போது தாலிச் சங்கிலி தரையில் தொங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் ரப்பர் உறை, அது கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையாவது. விளக்குமாறு, வேக்குவம் கிளீனர், மாப் மூன்றையும் தொடக் கூடாது. விளக்குமாறு மணிகளைப் பொடியாக்கும். வேக்குவம் கிளீனரின் சூடான மோட்டார் அவற்றை ஆவியாக்கி அறை முழுக்க ஊதிவிடும். கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டியான அட்டை இரண்டை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மணிகளை மெல்லத் தள்ளி ஒன்றுசேர்க்க வேண்டும். சேர்ந்த உருண்டையை இங்க் ஃபில்லராலோ மருந்து ஊற்றும் ட்ராப்பராலோ உறிஞ்சி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் விடலாம். அலுமினியப் பாத்திரம் ஆகாது, பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்க்க வேண்டும். தப்பிய மணிகள் அப்போது மினுங்கும். அவற்றைச் செல்லோ டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகப் பொடியை இடுக்குகளில் தூவினால், மிச்சமிருப்பது கந்தகத்தோடு சேர்ந்து ஆவியாகாத பொருளாக மாறும். கோரைப்பாயிலோ மெத்தையிலோ மணிகள் விழுந்திருந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. உதறினால் பரவும், துணியை வாஷிங் மெஷினில் போட்டால் மெஷினே கெடும். எடுத்தது, தொட்டது, ஒட்டியது எல்லாவற்றையும் ஜிப் வைத்த பையில் போட்டு மூடி, அறையை 24 மணி நேரமாவது காற்றோட்டமாக விட வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்நாட்டு வீடுகளுக்குச் சொல்லிவரும் முறையும் சாரத்தில் இதுதான்.

இவ்வளவையும் ஒரு வீடு பொறுமையாகச் செய்து முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு பை மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது? அமெரிக்க முகமையின் வழிமுறை, உள்ளூர் சுகாதாரத் துறையையோ கழிவு நிலையத்தையோ கேட்டு அங்கே ஒப்படையுங்கள் என்று முடிகிறது. நம் நாட்டிலும் எழுத்தில் இதற்கு வழி வைத்தார்கள். மத்திய அரசு 2016-இல் கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவுகளைத் தனி வகையாகவே வரையறுத்தன. காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, சிஎஃப்எல் பல்பு, பேட்டரி ஆகியவற்றோடு உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டது. இவற்றை மக்கள் கொண்டுவந்து கொடுப்பதற்கு நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் உள்ளாட்சி அமைப்புகள் அமைக்க வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னை மாநகராட்சிக்கு இந்தக் கணக்கில் 22 மையங்கள் வேண்டும். தன் வீட்டுக்கு அருகில் உள்ள மையம் எது, அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லக்கூடிய சென்னைவாசிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? தெரியாத மையம் இருந்தும் பயனில்லை. சிறிய நகராட்சிகள், பேரூராட்சிகள் நிலையை விவரிக்கத் தேவையில்லை.

மையம் எங்கே என்று தெரியாததால் அந்தப் பை வழக்கமான குப்பையில்தான் சேர்கிறது. மறுநாள் காலையில் அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். தெர்மாமீட்டர் உடைந்த வீட்டில் ஒரு நாள் இருந்த ஆபத்து, பல நூறு வீடுகளின் குப்பையைத் தினமும் கையாளும் அவருக்கு வேலையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அங்கிருந்து கிடங்குக்குப் போகிறது. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, சுற்றுவட்டாரமே புகைமூட்டத்தில் தவித்தது நினைவிருக்கலாம். பாதரசம் கலந்த குப்பை எரியும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் ஏறும். சாக்கடையில் ஊற்றியதும் அழிவதில்லை. கனம் காரணமாகக் குழாயின் வளைவிலேயே தங்கிச் சிறிது சிறிதாக ஆவியை விட்டுக்கொண்டிருக்கும், மிச்சம் நீர்நிலைக்குப் போய்ச் சேரும். அங்கே நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றி மீன் வழியாக மனிதனிடமே திருப்பி அனுப்பும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த பெருந்துயரமும் மீன் வழியாக மனிதனை அடைந்த மீத்தைல் பாதரசத்தால் வந்ததுதான். அங்கே கொட்டியது ஒரு ரசாயன ஆலை. வீட்டுத் தெர்மாமீட்டரை அதனோடு அளவில் ஒப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டே, அது மனிதனை வந்தடையும் கடைசி வழி ஒன்றுதான் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் கொடைக்கானலே போதும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் சாலைக்கு வந்தன. பாம்பார் சோலைக்கு மேலே அமைந்த அந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெரும்பாலும் ஏற்றுமதிக்காகவே அங்கே தெர்மாமீட்டர்கள் தயாராயின. 2001 மார்ச்சில், ஊருக்குள் முஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்ததோ 2016-இல்தான். ஆலை வளாகத்து மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை மிஞ்சலாமா, அதற்கும் கீழே இறக்க வேண்டுமா என்ற வழக்காடல் அதன் பிறகும் ஓயவில்லை. ஒரு ஆலை வெளியே விட்ட பாதரசத்தைத் திரும்ப எடுக்க இத்தனை ஆண்டுகள், இத்தனை நீதிமன்றப் படிகள், ஒரு கப்பல் பயணம். இந்த வரலாறு நடந்த மாநிலத்தில், அதே பொருளை வீடுகளிலிருந்து வாங்கிக்கொள்ள மக்கள் அறிந்த ஒரு ஏற்பாடு இல்லை என்பது மனத்தை உறுத்த வேண்டிய விஷயம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். பள்ளிப் பருவத்தில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடிய தலைமுறை இன்றும் நலமாகத்தானே இருக்கிறது என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது, அதை மறைத்தால் மற்றதை யாரும் நம்ப மாட்டார்கள். காற்றோட்டமான ஓட்டு வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்து, உடனே திரட்டி எடுத்துவிட்டால், பெரியவர்களுக்கு நோய் வருவது அரிது. தோல் வழியாகவும் பாதரசம் அவ்வளவாக உள்ளே போவதில்லை. நோய் வருவது வேறு சூழலில். மூடிய சிறிய அறை, தரையில் படுக்கும் குழந்தை, பாயில் தங்கிய மணிகள், வாரக்கணக்கான சுவாசம். குழந்தைகள் தம் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதுவும் தரைக்கு அருகில். கையும் காலும் சிவந்து தோலுரிந்து, ரத்த அழுத்தம் ஏறி, தூக்கமும் பசியும் போய், காரணம் புரியாமல் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் வீட்டில் சில மாதங்களுக்கு முன் ஒரு தெர்மாமீட்டர் உடைந்திருந்ததை மருத்துவ ஏடுகள் பல நாடுகளிலிருந்து பதிவு செய்திருக்கின்றன. அக்ரோடினியா என்று அதற்குப் பெயர். பல வீடுகளில் ஒன்றும் ஆகாது, சில வீடுகளில் ஆகும் என்பதுதான் இதன் இயல்பு. எந்த வீட்டில் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஆபத்தைத் தனி வீட்டின் அதிர்ஷ்டத்துக்கு விடாமல் பொதுவில் ஏற்பதற்காகத்தான் உள்ளாட்சி என்ற ஒன்று இருக்கிறது.

சித்த மருத்துவத்தில் பாதரசம் மருந்து, ரசமணி அணிகிறோம், அதை விஷம் என்பது மேற்கத்தியர் பேச்சு என்று இன்னொரு குரல் கேட்கும். இந்தக் குரலை அலட்சியப்படுத்துவது தவறு, ஏனென்றால் நம் வீடுகளில் பாதரசத்தின் மேல் உள்ள ஒருவிதப் பிரியத்துக்கும் மதிப்புக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சித்த மருத்துவ மரபு, பாதரசத்தை அப்படியே கையாளச் சொன்னதில்லை. பலகட்டச் சுத்தி முறைகளுக்கு உட்படுத்தாத ரசத்தில் குற்றங்கள் உண்டு, அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது அந்த மரபின் அடிப்படைப் பாடம். முடித்த மருந்துகளைப் பற்றி நடக்கும் விவாதம் வேறு. அதை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் நடத்தட்டும். படுக்கையறைத் தரையில் சிதறிய பச்சைப் பாதரசத்தின் ஆவியை மூச்சில் இழுப்பதற்கு எந்த மரபும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. இப்போது எல்லார் வீட்டிலும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்தானே, பிரச்சினை தானாகவே மறைந்துவருகிறதே என்பது. இந்தியா 2018-இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டர், ரத்த அழுத்தமானி ஆகியவற்றின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020-ஐ முடிவாண்டாக வைத்தது. நல்ல காரியம். ஆனால் அது கடைக்கு வரும் வரத்தைத்தான் நிறுத்துகிறது, ஏற்கெனவே வீட்டு மருந்துப் பெட்டியில் கிடப்பதைத் தொடவில்லை. சொல்லப்போனால், ஒரு பொருள் பயன்பாட்டிலிருந்து விலகும் காலம்தான் அது அதிகமாக உடைகிற காலமும் வீசப்படுகிற காலமும். பேட்டரி போட்டது வந்ததும் பழையது அலமாரிக்குப் போகிறது, வீடு மாறும்போதும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் வெளியே வருகிறது, உடைகிறது, குப்பைக்குப் போகிறது. தெர்மாமீட்டரைவிடக் கவலை தருவது பழைய ரத்த அழுத்தமானி. ஒன்றில் 80 முதல் 100 கிராம் பாதரசம் இருக்கும், அதாவது ஒரே கருவியில் நூறு தெர்மாமீட்டர்கள். ஓய்வுபெற்ற மருத்துவர், செவிலியர் வீடுகளிலும் மூடிய சிறு கிளினிக்குகளிலும் அவை பரணில் கிடக்கின்றன. இதற்கிடையே ட்யூப்லைட்டுகளையும் படிப்படியாக நிறுத்துவது என்று 2023-இல் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்துவிட்டன. ஒரு விளக்கில் சில மில்லிகிராம்தான் என்றாலும், அவை வீட்டுக்கு நாலைந்தாக வெளியே வரும். எல்லாமே ஒரே குப்பைவண்டியில்தான் ஏறப் போகின்றன. மருத்துவமனைகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனி வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மருத்துவத் துறையில் பாதரசக் கருவிகளை ஒழிப்பதற்காக இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2024-இல் தொடங்கிய பன்னாட்டுத் திட்டத்துக்கு 13.4 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் உடைந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, வீட்டில் உடைந்தால் விளக்குமாறுதான் இருக்கிறது.

அடுத்தது செலவு. குடிநீருக்கும் சாலைக்குமே காசில்லாத நகராட்சியிடம் தெர்மாமீட்டர் வாங்கச் சொல்வதா என்று கேட்கலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது ஆள் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று அவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். உடையாத கருவியைப் பெற்றுக்கொள்ள, உள்ளே பஞ்சு வைத்த ஒரு கெட்டி டப்பா போதும். உடைந்ததையும் திரட்டிய பாதரசத்தையும் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது, அதற்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மூடி இறுக்கமான ஒரு கொள்கலனும் பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். நகரங்களில் மருந்துக் கடைகளையே பெறும் இடமாக்கலாம். பழையதைக் கொடுப்பவருக்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் குறைந்த விலையில் தந்தால் மக்கள் தாமாகவே கொண்டுவருவார்கள். திரும்பப் பெறும் பழக்கம் நமக்கு வராது என்பதும் சரியில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022-இல் நீலகிரியில் காலி மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியபோது, பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. காட்டில் யானைக் காலைக் கிழிக்கும் கண்ணாடிக்கு ஒரு வழி கண்ட அரசு இயந்திரம், குழந்தையின் நுரையீரலுக்குள் போகும் ஆவிக்கும் வழி காண முடியும். சேர்ந்ததைக் கொண்டுபோக இடமும் இருக்கிறது, தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளுக்காகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு நிலையம் இயங்கிவருகிறது. அங்கே போகும் வண்டியில் மாவட்டத்துக்கு ஒரு சிறு பெட்டி ஏறினால் போதும்.

மக்களைப் பீதியடையச் செய்யாதீர்கள் என்பவர்களும் இருக்கிறார்கள். பீதி வருவது தகவல் இல்லாத இடத்தில்தான். இரவு பத்து மணிக்குத் தெர்மாமீட்டர் உடைந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம், மறுமுனையில் இருப்பவர் கையில் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கிறது, ஜன்னலைத் திறந்துவிடுங்கள், வளையலைக் கழற்றுங்கள், விளக்குமாற்றை வைத்துவிடுங்கள் என்று அவர் நிதானமாகச் சொல்கிறார், காலையில் பையை எந்த இடத்தில் கொடுப்பது என்றும் சொல்லி வைக்கிறார் என்றால் அந்த வீட்டில் பீதிக்கு என்ன வேலை? டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகலாகப் பதில் சொல்கிறது. அந்த எண்ணை நம் மருந்துக் கடைகளிலும் பள்ளி ஆய்வகங்களிலும் தமிழில் ஒட்டிவைப்பதற்கு ஆகும் செலவு காகித விலைதான். மையங்கள் எங்கெங்கே, எந்த நேரத்தில் என்ற பட்டியலைச் சொத்துவரி ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட மாநகராட்சிகளுக்கு ஒரு தீர்மானம் போதும். சென்னை முதலில் தன் 22 இடங்களை அறிவிக்கட்டும். அதுவரை, மூடிய டப்பாவில் திரட்டிய பாதரசத்தை வைத்திருக்கும் வீட்டார் அதன்மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில், சமையலறையிலிருந்தும் வெயில் படும் இடத்திலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். அதைக் கொடுக்க இடம் எங்கே என்று வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கேட்க வேண்டும்.